இடப்பக்கம் மூன்றரைச் சுற்று

ஒரு கோணலை இன்னொரு கோணலால் ஈடுகட்டினால் கிடைப்பது நேர்தானா? படிப்பில் நேரம் போக்குகிறவர்கள் இதை நாற்காலியில் சாய்ந்தபடி யோசிக்கலாம். விளையாட்டுச் சாமான் கடையொன்றின் பின்னறையில் இருபத்திரண்டு வருடம் வில் சரிபார்த்த ஒருவருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. அவர் அந்தக் கேள்விக்குள்ளேயே குடியிருந்தார்.

கடையில் அவரை நூல்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அம்பு நூல் பிடித்த மாதிரி போக வேண்டும் என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேதை என்று சொல்வதற்கில்லை. அவரைவிட வேகமாக வேலை செய்தவர்கள் உண்டு, வாடிக்கையாளரிடம் இனிக்க இனிக்கப் பேசத் தெரிந்தவர்களும் உண்டு. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது என்ற ஒன்று மட்டும் அவரிடம் இருந்தது. ஒரே ஒரு முறை அதைக் கைவிட்டார்.

அந்தப் பின்னறை நீளமானது, ஜன்னல் இல்லாதது. ஒரு கோடியில் அழுத்திய நுரைப்பலகையாலான இலக்கு. அதற்கு முன்னால் ஒரு மரச்சட்டம்; அதில் வெள்ளைக் காகிதத்தை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார். சட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. சுவரோரம் வேலை மேசை. அதன் மேல் வில்லைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி, வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் பிரஸ், மெழுகு, அறுகோணச் சாவிகள்.

அவர் கையில் வந்தவை எல்லாம் காம்பவுண்ட் வில்கள். இரு முனைகளிலும் சக்கரங்கள், அவற்றைச் சுற்றி நாண், குறுக்கே கேபிள்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் காகிதத்தின் வழியே ஓர் அம்பு எய்தால் போதும். அம்பு நேராகப் போயிருந்தால் சின்ன வட்டத் துளையும் அதைச் சுற்றி மூன்று இறகுகளின் கீறலும் இருக்கும். கோணலாகப் போயிருந்தால் நுனி ஓரிடத்தில் துளைத்து, வால் பக்கத்தில் கிழித்துக்கொண்டு போகும். கிழிசலின் நீளத்தைக் கட்டை விரல் நகத்தால் அளப்பார். பெரும்பாலான நேரம் தீர்ப்பு ஒன்றுதான்.

"வில்லுல ஒண்ணும் இல்ல சார். கையில இருக்கு."

"அப்போ கையைக் கழட்டி வச்சிட்டுப் போகவா? சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்று ஒரு பல் டாக்டர் ஒருமுறை கேட்டார்.

"கழட்ட வேண்டாம். இறுக்காம இருங்க. பல்லு பிடுங்குற மாதிரியே இதையும் பிடிக்கிறீங்க."

முதலில் கை, பிறகு வில். கையின் பிழைக்கு வில்லைத் திருத்தக் கூடாது. இது அவர் யாரிடமும் கற்றதல்ல. நூற்றுக்கணக்கான கிழிசல்களைப் பார்த்ததில் தானாக வந்து சேர்ந்தது. வந்தவர்கள் முகம் சுளித்தாலும், வேறு கடைக்குப் போனாலும் அவர் அதிலிருந்து நகரவில்லை.

அவருடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஸ்பேனரைப் பிடித்துப் பிடித்து இறுகிப்போன கை. வில்லின் பிடியையும் அவர் அப்படித்தான் பிடித்தார். எய்யும் கணத்தில் மணிக்கட்டு லேசாக உள்ளே திரும்பும். காகிதத்தில் இடப்பக்கம் ஒரு நக நீளத்துக்கும் மேல் கிழியும். தம்பி மாதக்கணக்கில் சொல்லிப் பார்த்தார்.

"விரலைத் தளர்த்து அண்ணா. பாரம் கட்டை விரலுக்குக் கீழ விழணும்."

"தளர்த்தித்தான்டா இருக்கேன்."

"காகிதம் வேற சொல்லுது."

"நீ சொல்ற மாதிரி பிடிச்சா வில்லு கையில இருக்கா, கீழ விழுந்துடுச்சான்னே தெரியல. நாலு நாள்ல போட்டி. ஏதாவது பண்ணுடா. நீ எனக்குத் தம்பியா, காகிதத்துக்கு வக்கீலா?"

அண்ணன் டீ குடிக்க வெளியே போன கால் மணி நேரத்தில் அது நடந்தது. அந்த வில்லின் கேபிள் மேலே போகும்போது இரண்டு காலாகப் பிரிந்து, மேல் சக்கரத்தின் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். நூல்காரர் வில்லைப் பிரஸ்ஸில் மாட்டினார். இடப்பக்கக் காலை மூன்றரைச் சுற்று முறுக்கினார், வலப்பக்கக் காலை அதே அளவு தளர்த்தினார். மேல் சக்கரம் மயிரிழை சாய்ந்தது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. அண்ணன் திரும்பி வந்து எய்தார். வட்டத் துளை, மூன்று கீறல்.

"டேய், என்னடா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல. உன் கை சரியாயிடுச்சு அண்ணா."

பதக்கம் கிடைத்தது. அதற்குப் பிறகு அண்ணன் பயிற்சி மைதானத்தில் மற்றவர்களுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தார். "கையை லூசா விடுங்கப்பா. என்னைப் பாருங்க. நானும் ஒரு காலத்துல உங்கள மாதிரிதான் கொறடு பிடிச்ச மாதிரி பிடிச்சிக்கிட்டு இருந்தேன்." சொல்லும்போதும் கொறடு பிடித்த மாதிரிதான் பிடித்திருப்பார். பார்த்துக்கொண்டிருந்த தம்பி சிரிப்பை அடக்கிக்கொள்வார். ஆறு வருடத்தில் நாணும் கேபிளும் மூன்று தடவை மாற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த மூன்றரைச் சுற்றைப் போட்டுவைத்தார். பொய் ஒருமுறை சொன்னால் முடிகிற காரியம் அல்ல. அதற்கும் பராமரிப்பு வேண்டியிருக்கிறது.

பிறகு அண்ணன் புது வில் வாங்கினார். புது மாதிரி; அதன் கேபிளில் பிரிந்து போகும் இரண்டு கால்களே இல்லை. பழைய தந்திரத்துக்கு அதில் இடமில்லை. கிட்டத்திலிருந்து எய்தபோது தெரியவில்லை. தூரம் கூடக் கூட அம்புகள் வாலை ஆட்டிக்கொண்டு இடப்பக்கமாகச் சிதறின. தம்பி அப்போதாவது சொல்லியிருக்கலாம். "புது வில்லு அண்ணா. பழகப் பழகச் சரியாயிடும்" என்றார்.

அண்ணன் சும்மா பழகுகிற ஆள் இல்லை. இரண்டு மாதம், தினமும் வேலை முடிந்து வந்து, எல்லா விதமாகவும் பிடித்துப் பார்த்தார். விரலை விரித்தார், மடக்கினார், உள்ளங்கையில் பாரம் வாங்கினார், வாங்காமல் விட்டார். அம்புகள் கொஞ்சம் சேர ஆரம்பித்தும் நம்பிக்கை வராமல் ஒருநாள் மாலை பழைய வில்லை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தார். கோட்டில் நின்று எய்தார். காகிதம் கிழிந்தது. வலப்பக்கம்.

மறுபடி எய்தார். மறுபடி வலப்பக்கம், ஒரு நக நீளத்துக்கும் மேல்.

நூல்காரருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. இரண்டு மாதப் பயிற்சியில் அண்ணனுடைய கை வாழ்க்கையில் முதல் முறையாகச் சரியாகியிருந்தது. சாய்த்து வைத்த வில் அந்தச் சரியான கையைத் தப்பு என்றது.

"புதுசு இடப்பக்கம் போச்சு, பழசு வலப்பக்கம் போகுது. என் கைக்கு என்னடா ஆச்சு?" என்று அண்ணன் கேட்டார்.

நூல்காரர் காகிதத்தைப் பார்த்தபடி நின்றார். உண்மையைச் சொன்னால் கை மிஞ்சும். பதக்கமும் ஆறு வருடப் பெருமையும் தம்பி மேல் வைத்த நம்பிக்கையும் போகும். இதை அவர் அப்போது எடைபோட்டார் என்று சொல்ல முடியாது. மனிதர்கள் இப்படிப்பட்ட நேரங்களில் எடைபோடுவதில்லை, வாய் வரவில்லை என்கிறார்கள். "களைப்பா இருக்கும் அண்ணா. நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

அண்ணன் அதன் பிறகு வில்லைத் தொடவில்லை. புதியதை யாருக்கோ கொடுத்துவிட்டார். பழையதைப் பெட்டியில் போட்டு அலமாரி மேல் ஏற்றினார். ஐந்து மாதம் கழித்து, ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில், லிஃப்டைச் சரிசெய்து ஓடவிட்டுப் பார்த்தபின், கருவிப்பையை மூடக் குனிந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

அந்த நாளிலிருந்து நூல்காரர் சாக்பீஸ் கோட்டின் ஓரிடத்தை மிதிப்பதில்லை. அண்ணன் கடைசியாக நின்ற இடம் அது. காகிதம் மாற்றப் போகும்போது அதைச் சுற்றிக்கொண்டு போவார், எதிரே வருகிறவருக்கு வழிவிடுகிற மாதிரி தோளை ஒடுக்கிக்கொண்டு. கடை முதலாளியம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"அங்க யாராவது நிக்கிறாங்களா? இவ்வளவு மரியாதையா ஒதுங்கிப் போறீங்க!"

"தரை வழுக்குதும்மா."

"வழுக்குற இடத்துலதான் கஸ்டமரை நிக்க வைக்கிறீங்களா? நல்லாயிருக்கு."

பேய் பிசாசில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பதில் கிடைக்காத கேள்வி, கேட்டவர் போன பிறகும் கேட்ட இடத்திலேயே நிற்கும் என்பதற்கு அந்த நம்பிக்கை தேவையும் இல்லை. யார் கோட்டில் நின்று எய்தாலும், காகிதம் கிழியும் சத்தத்துக்கும் அம்பு நுரையில் குத்தும் சத்தத்துக்கும் இடையில் உள்ள அந்தத் துளி நேரத்தில் அவருக்கு அது கேட்டது. என் கைக்கு என்னடா ஆச்சு?

ஒரு வருடமும் சில மாதங்களும் கழிந்து, ஒரு புதன்கிழமை மதியம், அண்ணி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. புதன்கிழமை விடுமுறை.

"தம்பி, இதை எனக்கு ஏத்த மாதிரி பண்ணிக் குடுங்க."

"உங்களுக்கா அண்ணி?"

"ஏன், ஆம்பளைங்க மட்டும் தொடணும்னு இதுல எழுதியிருக்கா? நான் தேடிட்டேன், இல்ல."

நூல்காரர் நாணை இழுக்கும் பாரத்தைக் குறைத்தார். இழுக்கும் நீளத்தை ஒரு படி குறுக்கினார். லேசான அம்புகள் கொடுத்தார். மேல் சக்கரத்தைப் பார்க்காமல் பார்த்தார். அன்றே அதை நேராக்கியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. கை அங்கே போகவில்லை. அண்ணி கோட்டில் நின்றார். அண்ணன் நின்ற இடத்திலேயே. எய்தார். வலப்பக்கம் கிழிந்தது.

"தப்பா?"

"பழகப் பழகச் சரியாயிடும்" என்றார் நூல்காரர். சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது.

ஒவ்வொரு புதன்கிழமையும் அண்ணி வந்தார். பேசிக்கொண்டே எய்வார், கிழிசலைப் பார்த்துத் தன்னைத் தானே திட்டிக்கொள்வார். நான்காவது வாரம், அம்பைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வரும்போது நடுவழியில் நின்றார்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அவர் ஏன் இதை விட்டாரு?"

"அது... வேலை ஜாஸ்தி..."

"வேலையெல்லாம் இல்ல. எனக்குத் தெரியும். இங்க கடைசியா வந்துட்டுப் போன மறுநாளு, சமையல்கட்டுல குழாய் ஒழுகுச்சு. அவர் சரி பண்ணாரு, மறுபடி ஒழுகுச்சு. ஊரு லிஃப்டெல்லாம் ஏறி இறங்குது, வீட்டுக் குழாய் நிக்கலையேன்னு எனக்குக் கோபம். 'உங்க கையில எதுதான் உருப்பட்டிருக்கு'ன்னு கேட்டுட்டேன். சிரிச்சாரு. அடுத்த நாளு பெட்டியைத் தூக்கி அலமாரி மேல வச்சாரு." அம்பின் நுனியில் ஒட்டியிருந்த நுரைத் துணுக்கை நகத்தால் சுரண்டினார். "அவர் கையைப் பத்தி அவர்கிட்ட நான் கடைசியா சொன்னது அதுதான். அதனாலதான் இதைக் கத்துக்கிறேன். அந்தக் கை என்னதான் பண்ணுச்சுன்னு தெரிஞ்சுக்கணும்."

நூல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடையில் மணி அடித்தது, யாரோ கூப்பிட்டார்கள். போனார். போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அதன் பிறகு அவருக்குப் புதன்கிழமைகள் பயமாயின. ஒரு வார்த்தை சொன்னால் அண்ணியின் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிடும். சொல்லாத ஒவ்வொரு வாரமும் அது அவர் கையாலேயே திரும்ப ஏற்றப்படுகிறது. இது தெரிந்தும் ஐந்தாவது வாரமும் ஆறாவது வாரமும் காகிதத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார். கிழிசல் குறைந்துகொண்டே வந்தது. முக்கால் நகம். அரை நகம். அது எப்படிக் குறைகிறது என்று அவர் யோசிக்க மறுத்தார்.

ஏழாவது வாரம் அண்ணி எய்த அம்பு காகிதத்தில் வட்டத் துளையும் மூன்று கீறலும் விட்டுப் போனது.

"பாத்தீங்களா தம்பி! வந்துடுச்சு!"

நூல்காரர் காகிதத்தைப் பார்க்கவில்லை. அண்ணியின் கையைப் பார்த்தார். விரல்கள் பிடியைச் சுற்றி இறுகியிருந்தன. மணிக்கட்டு லேசாக உள்ளே திரும்பியிருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை; வில் சொல்லித்தந்திருந்தது. ஏழு வாரமாகத் தப்பு தப்பு என்று சொல்லிச் சொல்லி, அண்ணனுடைய கையை அது அண்ணியின் கைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது. செத்தவரின் மணிக்கட்டு கண்ணெதிரே உயிரோடு நின்றது. அவர் முதுகு மேசையில் இடித்தது. சாவிகள் கீழே விழுந்தன.

"என்ன தம்பி? ஏன் இப்படி வெளுத்துப் போறீங்க?"

"வில்லைக் கீழ வைங்க அண்ணி."

"இன்னொண்ணு விட்டுட்டு..."

"வைங்க."

அவர் வில்லை இடுக்கியில் பொருத்தினார். மேல் சக்கரத்தின் ஓரமாக ஓர் அம்பை நீட்டி வைத்துக் காட்டினார். சக்கரம் நேராக இருந்தால் அம்பு நாணோடு ஒட்டியே போக வேண்டும். போகப் போக விலகியது. "இது நான் பண்ணுனது" என்றார். ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. டீ குடிக்கப் போன கால் மணி நேரம், பதக்கம், மூன்று தடவை மாற்றிய கேபிள், புது வில், கடைசி நாள்.

"அவர் கை கெட்டுப்போகல அண்ணி. அப்போதான் சரியாச்சு. வில்லு தப்புன்னு சொல்லுச்சு, நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். நீங்க சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. குழாய் ஒழுகுறதுக்கு முந்தின நாளே இங்க வந்து எய்துட்டுப் போயிட்டாரு."

அண்ணி கீழே கிடந்த சாவிகளைப் பொறுக்கி, அளவு வாரியாக மேசையில் அடுக்கினார்.

"அப்போ அந்த மெடல்?"

"அது அவருதுதான். கோணலா பிடிச்சாலும் அத்தனை அம்பையும் ஒரே மாதிரி கோணலா பிடிக்கணும். என்னால முடியாது. யாராலயும் முடியாது."

"ஆறுதலுக்குச் சொல்றீங்களா?"

"இல்ல. அளந்துட்டுச் சொல்றேன்."

"ஒன்றரை வருஷமா அந்தக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்குது தம்பி. நீங்க மாசா மாசம் வீட்டுக்கு வந்துட்டுப் போறீங்க. அதே குழாய்லதான் தண்ணி பிடிச்சுக் குடிக்கிறீங்க." குரல் உயரவில்லை. "நானும் கடையில இதைத்தான் பண்றேன். கோணல் கண்ணுக்குக் கோணல் கண்ணாடி. ஆனா போட்டுக்கிறவங்களுக்குத் தெரியும், மூக்கு மேல ஒண்ணு உட்காந்திருக்குன்னு. அவருக்குத் தெரியலையே."

"மன்னிச்சிடுங்கன்னு கேக்க..."

"என்கிட்ட கேட்டு என்ன பண்றது? கேள்வி கேட்டவர் அவர்தானே."

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அடுத்த இரண்டு புதன்கிழமைகளும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார், உட்காரவில்லை.

"நாண் நைஞ்சு போயிருந்துச்சு, பாத்தேன். கேபிளோட சேர்த்து மாத்திடுங்க. நேரா வைக்கிறதா, அவருக்கு வச்ச மாதிரி வைக்கிறதான்னு நீங்களே பாத்துக்குங்க. ரெண்டுக்கும் என் கை பழகிக்கும். ஆனா எப்படி வச்சாலும் என்கிட்ட சொல்லிடணும். அவ்வளவுதான்."

நூல்காரர் அந்த வேலையை மூன்று நாள் வைத்திருந்தார். வழக்கமாக ஒரு மணி நேர வேலை. புதிய நாணும் கேபிள்களும் மாட்டி, முதலில் நேராகத்தான் வைத்தார். தானே எய்து பார்த்தார். துளை சுத்தமாக விழுந்தது. அந்த வில் தன் வாழ்நாளில் ஒரு சரியான கைக்குச் சரியான பதில் சொன்னது அதுதான் முதல் முறை. அப்படியே இரண்டு நாள் சுவரில் தொங்கவிட்டார். வந்தவர்கள் யாரோ விலை கேட்டார்கள், விற்பனைக்கு இல்லை என்றார். மூன்றாம் நாள் மதியம் அதை எடுத்து மறுபடி பிரஸ்ஸில் மாட்டினார். முதலாளியம்மா கணக்கு நோட்டு கேட்டு உள்ளே வந்தார். யாராவது வந்தால் நூல்காரர் கையை எடுத்துவிடுவது வழக்கம்; அன்று எடுக்கவில்லை. முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே முறுக்கி முடித்தார்.

புதன்கிழமை அண்ணி வந்தபோது வில்லை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பழையபடியே வச்சிருக்கேன் அண்ணி. இடப்பக்கம் மூன்றரை."

அண்ணி மேல் சக்கரத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், நோயாளியின் கண்ணைப் பார்க்கிற மாதிரி.

"ஏன் தம்பி?"

அவர் சட்டத்தில் புதுக் காகிதம் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணி காத்திருந்தார். பிறகு கோட்டுக்குப் போய் நின்றார். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அண்ணி இரண்டு தடவை கேட்டிருக்கிறார், ஒருமுறை சிரித்துக்கொண்டு, ஒருமுறை சிரிக்காமல். முதலாளியம்மாவும் கேட்டார். அவர் யாரிடமும் சொல்லவில்லை; அண்ணி எய்யும்போதெல்லாம் காகிதத்தை விட்டுவிட்டு அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.